மேடைக்கு அழைக்கப்பட்டவர்: வேடிக்கை மாயவித்தையின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

கூத்து பற்றி எழுதியிருக்கிறோம், நவீன நாடகம் பற்றி எழுதியிருக்கிறோம், சினிமா பற்றி வேண்டிய அளவுக்கு மேலேயே எழுதியாகிவிட்டது. மேஜிக் என்று பேச்சு வந்தால் மட்டும் அது ஏதோ குழந்தைகள் சமாச்சாரம், பள்ளி ஆண்டுவிழா வேடிக்கை என்று நகர்ந்துவிடுகிறோம். நகைச்சுவை கலந்த மேடை மேஜிக் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் கூட்டத்திலிருந்து ஒருவரை மேடைக்கு வரவழைத்து, அவரை வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் சிரிக்க வைக்கிற அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன நடக்கிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதிகாரம், சம்மதம், சாட்சி, சிரிப்பு என்று நாம் வேறு இடங்களில் விவாதித்துக் கொண்டிருக்கிற பல விஷயங்கள் அங்கே மிகச் சாதாரணமாக நடந்து முடிந்துவிடுகின்றன.

ஒரு வித்தையை எடுத்துக்கொள்வோம். இத்தாலியில் பிறந்து நியூயார்க்கில் வித்தை செய்து வந்த டோனி ஸ்லைடினி (மறைவு: 1991) இதற்குப் பேர்போனவர். ஒருவரை மேடைக்கு அழைத்து நாற்காலியில் உட்கார வைப்பார். மெல்லிய காகிதத்தை உருண்டையாகக் கசக்கி, இதோ இந்தக் கைக்குள் வைக்கிறேன் என்று காட்டுவார். கையைத் திறந்தால் உருண்டை இல்லை. மறுபடி ஒன்று, மறுபடி ஒன்று. உட்கார்ந்திருக்கிறவர் வாய்பிளந்து பார்த்துக் கொண்டிருப்பார். சபையோ விழுந்து விழுந்து சிரிக்கும். ஏனென்றால் ஒவ்வொரு உருண்டையையும் ஸ்லைடினி அந்த ஆளின் தலைக்கு மேலாக அவருக்குப் பின்னால் வீசிக் கொண்டிருக்கிறார். அரங்கத்தில் உள்ள எல்லாருக்கும் அது தெரிகிறது. நாற்காலியில் இருப்பவர் ஒருத்தருக்குத்தான் தெரியவில்லை. அவருடைய கண் வித்தைக்காரரின் கையோடு கட்டப்பட்டுக் கிடக்கிறது. 'கண்கட்டு வித்தை' என்கிற நம்முடைய சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. ஆனால் இங்கே கட்டப்பட்டிருப்பது ஒரே ஒருவரின் கண்.

சாதாரண மேஜிக்கில் இரண்டு தரப்புதான் உண்டு. வித்தைக்காரருக்குத் தெரியும், கூட்டத்துக்குத் தெரியாது. தெரியாமையில் கூட்டம் முழுக்கச் சமம். ஆள் கூப்பிட்டுச் செய்கிற வேடிக்கை வித்தையில் மூன்றாவதாக ஓரிடம் உண்டாக்கப்படுகிறது. வித்தைக்காரர் தன் ரகசியத்தில் கொஞ்சத்தை எடுத்துக் கூட்டத்துக்கு லஞ்சமாகக் கொடுக்கிறார். வாங்கிக் கொண்ட கூட்டம் அவர் பக்கம் சேர்ந்துகொள்கிறது. ஐந்து நிமிஷம் முன்பு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆள் இப்போது அந்நியராகி, சிரிப்புக்குரிய பொருளாகிவிடுகிறார். அவர் மாறிவிட்டாரா என்றால் இல்லை. அவர் உட்கார்ந்திருக்கிற இடம் மாறிவிட்டது. அவ்வளவுதான்.

2

லூயி அல்தூஸரின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையில் வருகிற போலீஸ்காரரை நம் வாசகர்கள் பலருக்கும் தெரியும். தெருவில் போகிறவனை 'ஏய்' என்கிறார். அவன் திரும்பிப் பார்க்கிறான். அந்தத் திரும்பலிலேயே அவன் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு தன்னிலையாக ஆகிவிடுகிறான் என்பது அல்தூஸர் சொல்வது. இதை 'விளித்தல்' என்று தமிழாக்கியிருக்கிறார்கள். நல்ல சொல். தொல்காப்பியர் விளியை எட்டாம் வேற்றுமையாக வைத்து, அதற்கென்று ஓர் இயலே ஒதுக்கி, எந்தப் பெயர் விளியேற்கும், எது ஏற்காது என்றெல்லாம் பேசியிருக்கிறார். கூப்பிட்டால் திரும்புகிற பெயரும் உண்டு, திரும்பாத பெயரும் உண்டு என்கிற அளவுக்கு நம் இலக்கணம் அதை யோசித்திருக்கிறது.

வித்தைக்காரரின் விளி போலீஸ்காரருடையதைவிடச் சாதுரியமானது. 'அந்த நீலச் சட்டைக்காரர், நீங்கதான் சார், வாங்க' என்று அவர் கை காட்டியதுமே கூட்டம் கை தட்டத் தொடங்கிவிடுகிறது. இன்னும் அவர் எழுந்திருக்கவில்லை, எதுவும் செய்யவுமில்லை. அந்தக் கைதட்டல் எதற்கு? அது முன்பணம். வாங்கிய பிறகு 'எனக்கு இஷ்டமில்லை' என்று உட்கார்ந்தால், விளையாட்டைக் கெடுத்தவன், சிடுமூஞ்சி என்று பெயர் வரும். எனவே அவர் 'தானாக' எழுந்து போகிறார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்கு முந்நூறு பேர் சாட்சி. அவர் எழுந்து போனதற்குக் காரணமும் அதே முந்நூறு பேர்தான்.

மேடையேறிய பிறகு நடப்பதும் இப்படித்தான். 'உங்க இஷ்டம்போல ஒரு சீட்டை எடுங்க' என்பார். வித்தைக்காரருக்கு வேண்டிய சீட்டே கைக்கு வந்து சேரும்படி ஏற்பாடு இருக்கும். ஆனால் எடுத்தவர் நானேதான் எடுத்தேன் என்று சத்தியம் செய்வார். சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தோம் என்கிற அனுபவம் நிஜம், தேர்வுதான் பொய். தேர்தலையும் சந்தையையும் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சீட்டுக்கட்டை ஒருமுறை கையில் வாங்கிப் பார்ப்பது நல்லது.

மேடைக்கு வருகிறவர்களில் மூன்று ரகம் உண்டு. ஒன்றும் தெரியாத அசல் பார்வையாளர் ஒருவர். முன்பே பேசிவைத்துக் கூட்டத்துக்குள் உட்கார வைக்கப்பட்ட கூட்டாளி இன்னொருவர். மூன்றாவது ரகம்தான் சுவாரசியமானது. அவர் அசல் பார்வையாளராகத்தான் ஏறுவார். மேடையில் வைத்து அவர் காதில் வித்தைக்காரர் ஒரு வார்த்தை போடுவார்: 'நான் கேட்டதும் ஆமான்னு சொல்லிடுங்க.' அவரும் சொல்லிவிடுவார். முன்பின் தெரியாத ஒருவரோடு சேர்ந்துகொண்டு, தன்னோடு வந்த நண்பர்களை ஏமாற்ற ஒருவர் அரை நொடியில் சம்மதித்துவிடுகிறார். ஏன்? மேடை, வெளிச்சம், எல்லார் கண்ணும் தன் மேல் இருக்கிறது என்கிற கூச்சம். காட்சி கெட்டுவிடக் கூடாதே என்கிற நாகரிகம். அதிகாரத்துக்கு நாம் துணைபோவதில் பாதிக்குக் காரணம் பயம் என்றால் மறுபாதிக்குக் காரணம் இந்த நாகரிகம்தான் போலிருக்கிறது.

3

பார்வையாளரைச் சாட்சியாக்குவது இன்னொரு வகை. 1921 ஜனவரி 17 அன்று லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் எம்பயர் அரங்கில் பி.டி. செல்பிட் என்கிற வித்தைக்காரர் ஒரு பெண்ணைப் பெட்டியில் படுக்கவைத்து ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். இன்று உலகம் பூராவும் கேலிச்சித்திரம்வரை போய்விட்ட அந்த வித்தையைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தது அவர்தான். அதில் பார்வையாளர்களுக்கு ஒரு வேலை இருந்தது. பெண்ணின் மணிக்கட்டு, கணுக்கால், கழுத்து ஆகியவற்றில் கயிறு கட்டி, பெட்டியின் துளைகள் வழியாக அந்தக் கயிறுகளின் நுனியை வெளியே எடுத்து, கூட்டத்திலிருந்து வந்தவர்கள் கையில் கொடுத்துவிடுவார். அவள் அசையவில்லை என்பதற்கு அவர்கள் சாட்சி. வேறுவிதமாகச் சொன்னால், அவள் அசையாமல் அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்; அறுக்கிறவர் அறுக்கிறார்.

காலத்தைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு, அதுவும் சொத்துத் தகுதியோடு, வாக்குரிமை கிடைத்தது 1918இல். மூன்றே வருஷத்தில் இந்த வித்தை. போதாததற்கு, வாக்குரிமைப் போராட்டத் தலைவர்களில் ஒருவரான கிறிஸ்டபெல் பாங்கர்ஸ்டை வாரம் 20 பவுன் சம்பளத்துக்குத் தன் பெட்டியில் வந்து படுக்கும்படி செல்பிட் அழைப்பு விடுத்தார். அவர் மறுத்துவிட்டார். அழைப்பு விளம்பரத்துக்காகத்தான் என்பது தெரிந்ததே. ஆனால் எந்த நகைச்சுவை விளம்பரமாக விலைபோகும் என்பது செல்பிட்டுக்குத் தெரிந்திருந்தது. காட்சிகளுக்கு நடுவே அரங்குக்கு வெளியே சாக்கடையில் சிவப்புத் தண்ணீரை வாளி வாளியாகக் கொட்டவும் ஏற்பாடு செய்தார்.

கயிறு பிடித்தவர்கள் கெட்டவர்களா என்று கேட்பதில் அர்த்தமில்லை. வேடிக்கை என்று வந்தார்கள், கொடுத்ததைப் பிடித்தார்கள். பிடித்திருக்கிற ஒவ்வொருவர் கையிலும் இருப்பது ஒரே ஒரு நுனி. எந்த நுனியும் தனியாக யாரையும் கட்டிப் போடுவதில்லை.

4

இனி அல்ஜீரியாவுக்குப் போக வேண்டும். பார்வையாளரை மேடையேற்றுகிற வித்தையை ஓர் அரசே நேரடியாகத் தன் வேலைக்குப் பயன்படுத்திய சம்பவம் அங்கே நடந்தது.

ழான் யூழேன் ரொபேர்-ஊதென் (1805 - 1871) நவீன மேடை மேஜிக்கின் தந்தை என்று சொல்லப்படுகிறவர். அடிப்படையில் கடிகாரத் தொழில் தெரிந்தவர். 1856இல், மேடையை விட்டு ஓய்வாக இருந்த அவரை பிரெஞ்சுக் காலனி நிர்வாகம் அல்ஜியர்ஸுக்கு வரவழைத்தது. காரணம் வெளிப்படையானது. அல்ஜீரிய மக்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்த மராபூக்கள் என்கிற சமயப் பெரியவர்கள் அற்புதங்கள் செய்வதாக நம்பப்பட்டார்கள், பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக மக்களைத் திரட்டினார்கள். அவர்களுடைய அற்புதத்தைவிடப் பெரிய அற்புதம் பிரெஞ்சுக்காரனிடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அக்டோபர் 28 அன்று பாப் அசூன் அரங்கில் காட்சி. பிரான்சுக்குப் பணிந்த குலத்தலைவர்கள் சிவப்பு அங்கியோடு முன்வரிசையில். சுற்றிலும் ஐரோப்பியர்கள். இடையிடையே மொழிபெயர்ப்பாளர்கள்.

தொப்பிக்குள்ளிருந்து பீரங்கிக் குண்டு எடுப்பது, வெறும் கிண்ணத்திலிருந்து எல்லாருக்கும் காப்பி ஊற்றுவது என்று வேடிக்கையாகத்தான் தொடங்கியது. பிறகு ஒரு சிறு பெட்டி வந்தது. பலசாலியான ஓர் அரபு இளைஞர் மேடைக்கு அழைக்கப்பட்டார். பெட்டியைத் தூக்கச் சொன்னார் ஊதென். சுலபமாகத் தூக்கினார். 'இப்போது உன் பலத்தை எடுத்துவிட்டேன், பெண்ணைவிட பலவீனமாகிவிட்டாய், தூக்கு பார்க்கலாம்' என்றார். இளைஞர் முக்கினார், முனகினார், பெட்டி அசையவில்லை. மேடைக்கடியில் மின்காந்தம். அதோடு விட்டாரா? பெட்டியின் கைப்பிடி வழியாக அந்த உடலுக்குள் மின்சாரம் செலுத்தப்பட்டது. இளைஞர் துடித்து முழந்தாளிட்டு, விடுபட்டதும் அங்கியால் தன்னைப் போர்த்திக்கொண்டு அரங்கத்தை விட்டு ஓடினார். அடுத்து, அடையாளமிட்ட குண்டால் தன்னைச் சுடவைத்து, கத்தி முனையில் குத்தி நீட்டிய ஆப்பிளில் அதைப் பிடித்தார். கடைசியில் ஒரு மூர் இளைஞரை மேடையில் மறையச் செய்தார். கூட்டம் கதவுகளை நோக்கி ஓடியது.

இவ்வளவும் நமக்குத் தெரியவருவது ஊதென் எழுதிய நினைவுக்குறிப்புகளிலிருந்து. பெட்டியைத் தூக்க முடியாமல் துடித்தவர் என்ன நினைத்தார், வீட்டுக்குப் போய் என்ன சொன்னார் என்பதற்குப் பதிவு இல்லை. வித்தைக்காரரின் பிரதியில் அவர் ஓர் உடல், அதற்கு மேல் ஒன்றுமில்லை. 'பெண்ணைவிட பலவீனம்' என்று சொல்லப்பட்ட வாக்கியத்தில் இரண்டு மற்றமைகள் ஒரே அடியில் வீழ்த்தப்படுவதையும் கவனியுங்கள்.

இங்கே ஒரு விஷயம் சிக்கலானது. மூடநம்பிக்கையை உடைக்கத்தான் போனேன் என்கிறார் ஊதென். காட்சிக்குப் பிறகு, நடந்தது சூனியமல்ல, கைத்திறன் சார்ந்த ஒரு கலைதான் என்று மொழிபெயர்ப்பாளர்கள் மூலம் சொல்லவும் வைத்தார்கள். சொன்னது உண்மை. ஆனால் மின்காந்தத்தை யாருக்கும் திறந்து காட்டவில்லை. வித்தையின் விளக்கம் பின்னர் புத்தகத்தில் பிரெஞ்சு வாசகர்களுக்குக் கிடைத்தது. அல்ஜீரியருக்குக் கிடைத்தது மின்னதிர்ச்சி. 'இது தந்திரம்தான்' என்று சொல்வது ஒன்று, தந்திரத்தைக் கையில் கொடுப்பது வேறொன்று. முதலாவது மட்டும் நடந்தால் மராபூவின் இடத்தில் கர்னலும் கடிகாரக்காரரும் உட்கார்ந்துகொள்வார்கள். அறிவு என்பது மேலே இருப்பவனிடம் மட்டும் இருக்கிற புது அற்புதமாகிவிடும்.

இந்த வித்தை ஒரு கிளர்ச்சியைத் தடுத்துவிட்டது என்று மேஜிக் வரலாறுகளில் அடிக்கடி எழுதப்படுவதுண்டு. அதற்கு அடுத்த வருஷமே, 1857இல், கபீலிய மலைப்பகுதியைப் பிடிக்கப் பிரெஞ்சுப் படை போனது. அங்கே எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் லல்லா ஃபாத்மா ந்சூமர், மராபூ குடும்பத்துப் பெண். பெட்டியைக் காட்டி அவரைப் பிடிக்கவில்லை, படையை வைத்துத்தான் பிடித்தார்கள். ஊதென் இறந்த 1871இலேயே மொக்ரானியின் தலைமையில் பெரிய கிளர்ச்சி வெடித்தது. பலவீனமானவன் என்று மேடையில் நிரூபித்துவிட்டால் அவன் அப்படியே இருந்துவிடுவான் என்பது வித்தைக்காரர்களின் நம்பிக்கை. மூடநம்பிக்கை என்று அதையும்தான் சொல்ல வேண்டும்.

5

அப்படியானால் வேடிக்கை மேஜிக்கே அதிகாரத்தின் கருவிதானா? இல்லை. இதே மேடையில் எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு.

வேல்ஸில் பிறந்த டாமி கூப்பர் (1921 - 1984) ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள். இரண்டாம் உலகப் போரில் எகிப்தில் இருந்தபோது தலையில் ஏறிய சிவப்புக் குல்லாய் கடைசிவரை இறங்கவில்லை. காலனியச் சேவையிலிருந்து வந்த குல்லாய் என்பது அதன் பின்கதை. அவருடைய வித்தைகள் தோற்றுக்கொண்டே இருக்கும். சீட்டு கீழே விழும், ரகசியம் வெளியே தெரியும், அவரே திகைத்து நிற்பார். உள்ளுக்குள் அவர் நல்ல தேர்ச்சியுள்ள வித்தைக்காரர். தோற்பதற்குத்தான் அந்தத் தேர்ச்சி வேண்டியிருந்தது. முட்டாள் நாற்காலிக்குக் கூட்டத்திலிருந்து ஆள் தேட வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை, அதில் அவரே உட்கார்ந்துகொண்டார். பக்தின் திருவிழாச் சிரிப்பைப் பற்றிச் சொல்லும்போது, அதில் சிரிக்கிறவனும் சிரிப்புக்கு உட்பட்டவன் என்கிறார். பெர்க்சன் 1900இல் எழுதியதோ, சமூகம் தன்னோடு ஒட்டாதவனைச் சிரிப்பால் திருத்துகிறது என்று. ஸ்லைடினியின் நாற்காலியில் இரண்டாவது வகைக்குச் சாய்வு அதிகம். கூப்பரிடம் இருந்தது முதல் வகை.

ஆனாலும் சிரிப்புக்கென்று ஒரு குருட்டுத்தனம் இருக்கிறது. 1984 ஏப்ரல் 15 அன்று லண்டனில் நேரடி ஒளிபரப்பில் மேடையிலேயே கூப்பருக்கு மாரடைப்பு வந்தது. திரைச்சீலைமீது சாய்ந்து மெல்ல உட்கார்ந்தார். கூட்டம் சிரித்தது. இதுவும் வித்தையில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிரித்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வேடிக்கை என்று ஒருமுறை சட்டகம் போட்டுவிட்டால் அதற்குள் ஓர் உடல் படுகிற வலிகூட வேடிக்கையாகத்தான் தெரியும். மேடையில் இருப்பவர் நடிக்கிறாரா, நிஜமாகவே துன்பப்படுகிறாரா என்று தெரிந்துகொள்ளும் சக்தியைச் சிரிப்பு நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அல்ஜியர்ஸ் இளைஞரின் துடிப்பும் அரங்கத்துக்கு ஒரு காட்சியாகத்தான் இருந்தது.

அமெரிக்காவின் பென்னும் டெல்லரும் இன்னொரு வழி காட்டினார்கள். நம் ஊரில் செப்படி வித்தை என்று சொல்கிற கிண்ணமும் பந்தும் வித்தையைக் கண்ணாடிபோல் தெளிவான கிண்ணங்களை வைத்துச் செய்து காட்டினார்கள். எல்லாம் வெளிப்படை. பந்து எப்போது உள்ளே போகிறது என்று தெரிகிறது. அப்படியும் கை நம் கண்ணை முந்திவிடுகிறது, ரசிக்கவும் முடிகிறது. ரகசியத்தைப் பகிர்ந்தால் கலை செத்துப்போகும் என்பதற்கு இது பதில்.

6

இதெல்லாம் நமக்கு எதற்கு? தமிழ்நாட்டில் பகுத்தறிவு இயக்கத்தவரும் அறிவியல் இயக்கத்தவரும் 'மந்திரமா? தந்திரமா?' என்கிற பெயரில் ஊர் ஊராக நடத்தி வந்திருக்கிற நிகழ்ச்சிகளை நாம் அறிவோம். இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் (1898 - 1978), கோவை போத்தனூரில் வாழ்ந்து 2009இல் மறைந்த பி. பிரேமானந்த் போன்றவர்கள் சாமியார்களின் அற்புதங்களைத் தோலுரிப்பதைத் தங்கள் வாழ்நாள் வேலையாகச் செய்தார்கள். இந்த மேடையும் சிரிப்பால் ஓடுகிற மேடைதான். இங்கேயும் கூட்டத்திலிருந்து ஆள் அழைக்கப்படுகிறார். நோக்கம் ஊதென் சொன்னதுபோலவே மூடநம்பிக்கையை உடைப்பது. அப்படியானால் வித்தியாசம் எங்கே?

நல்ல நிகழ்ச்சிகளில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். மந்திரம் சொல்லி யாகத்தீ மூட்டுவதாகக் காட்டிவிட்டு, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மேல் கிளிசரின் ஊற்றினால் தானே பற்றிக்கொள்ளும் என்று பொட்டலத்தைப் பிரித்துக் காட்டுகிறார்கள். கூட்டத்திலிருந்து வந்தவரே அடுத்த தடவை ஊற்றுகிறார். ஏறியவர் இறங்கும்போது ஒரு வித்தை தெரிந்தவராக இறங்குகிறார். பிரேமானந்த் அற்புதங்களின் செய்முறைகளைப் புத்தகமாகவே போட்டார். ஊதென் அல்ஜியர்ஸில் செய்யாதது இதுதான்.

ஆனால் எல்லா மேடையும் அப்படி இல்லை. சாமி கும்பிடுகிற ஒரு கிராமத்து அம்மாவை மேலே அழைத்து, 'உங்க சாமியார் எடுத்த விபூதி இதுதானே பாட்டி' என்று கேட்டு, அவர் விழிப்பதைக் காட்டிப் படித்த இளைஞர்களைச் சிரிக்க வைப்பது மிகச் சுலபம். கைதட்டல் நிச்சயம் கிடைக்கும். சாமியாரின் அதிகாரம் குறைந்ததா என்றால் தெரியாது. அந்தப் பாட்டி கூட்டத்தின் முன் கூனிப்போனது மட்டும் நிச்சயம். சாமியார் அவரிடம் காணிக்கை வாங்கினார், நாம் அவரிடம் மானத்தை வாங்கினோம். அடுத்த நாள் அவர் யாரிடம் போவார் என்று யோசித்துப் பாருங்கள். சாமியாராவது அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

பிரேசிலின் அகஸ்தோ போவால் தன் ஒடுக்கப்பட்டோர் அரங்கில் பார்வையாளரை மேடைக்கு அழைத்தது நடிப்பைத் திருத்துவதற்காக. 'நீங்கள் காட்டுவது தப்பு, இப்படித்தான் நடக்கும்' என்று சொல்கிற உரிமையோடு அவர் ஏறினார், கதையின் போக்கையே மாற்றினார். வித்தை மேடையில் இது முழுவதுமாகச் சாத்தியமில்லைதான். வித்தைக்காரருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது என்பதுதான் அந்தக் கலையின் அடிப்படை. ஆனாலும் யாரை அழைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. ஊர்ப் பெரியவரையோ, தலைமையாசிரியரையோ, விழாத் தலைவரையோ, நம் அமைப்பின் செயலாளரையோ நாற்காலியில் உட்கார வைத்துக் காகித உருண்டையை வீசினால் அந்தச் சிரிப்புக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். இவர்களில் ஒருவரைக்கூட அழைக்கத் துணியாத வித்தைக்காரர் பாட்டியை மட்டும் ஏன் அழைக்கிறார்?

எனவே, கலை இலக்கிய இரவானாலும் வீதி நாடகமானாலும் அறிவியல் பிரச்சாரமானாலும், ஆளை மேடைக்கு அழைக்கிற எந்த நிகழ்ச்சியை அமைக்கும்போதும் நமக்குள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். அழைக்கப்பட்டவர் மாட்டேன் என்று சொல்ல வழி வைத்திருக்கிறோமா? சிரிப்பு யார் செலவில் நடக்கிறது? இறங்கிப் போகும்போது அவர் கையில் என்ன இருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு 'ஒன்றுமில்லை' என்பது பதிலானால், நம் மேடைக்கடியிலும் ஒரு மின்காந்தம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட வேண்டும்.